பினாங்கில் கார் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு

மலேசியாவுக்குக் கொள்முதலுக்காகப் போகும் நமது வியாபாரிகள் பெரும்பாலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். இப்போது சிலர், குறிப்பாக விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், பினாங்கு விமான நிலையத்தில் இறங்கி, அங்கேயே வாடகைக் கார் எடுத்து, ஈப்போ வழியாகக் கோலாலம்பூர் வரை தாங்களே ஓட்டிச் செல்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். அங்கும் நம்மைப் போலவே இடது பக்கமாகத்தான் வாகனம் ஓட்டுகிறார்கள். தீவிலிருந்து 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீற்றர் பாலத்தைத் தாண்டினால் அதிவேக நெடுஞ்சாலை. கோலாலம்பூருக்குச் சுமார் 350 கிலோமீற்றர். வேக எல்லை 110. வழியிலுள்ள ஓய்விடங்களில் சாப்பாடு, கழிவறையோடு தொழுவதற்கு 'சூராவ்' எனப்படும் சிறிய தொழுமிடமும் உண்டு. குடும்பத்தோடு போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வழியில் ஒரு தொழிற்சாலையையோ மொத்தக் களஞ்சியத்தையோ எட்டிப் பார்க்க, யாருடைய நேரத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர்களான நம்மவர்கள் விமான நிலைய கவுண்டரில் நின்றவுடன் வேறு மனிதர்களாகி விடுகிறார்கள். ஒரு டசின் பொருளுக்குப் பத்து சதம் குறைக்க அரை மணி நேரம் வாதாடுகிறவர், பிள்ளைகள் அழ, பெட்டிகள் வண்டியில் கிடக்க, நான்கு பக்க ஒப்பந்தத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறார். அவர் பார்த்தது நாள் வாடகையை மட்டும்தான். அது விலையில் ஒரு பகுதி. மீதி உள்ளே இருக்கிறது.

முதலாவது பிணைப்பணம். கார் தரும்போது உங்கள் கடனட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைக்கிறார்கள். அது செலவாகக் கழிக்கப்படுவதில்லை, எனவே அதற்கு வட்டியும் ஏறாது. வட்டிக்குப் பயந்து கடனட்டையைத் தொடாதவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அந்தத் தொகை கட்டுண்டு கிடக்கும். காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வங்கி அதை விடுவிக்கச் சில நாட்கள், சில வேளை இரண்டு வாரம் கூட ஆகலாம். வீட்டுப் பாவனைப் பொருட்கள் வியாபாரம் செய்யும் எனது நண்பர் ஒருவருக்கு நடந்தது இதுதான். பினாங்கில் கார் எடுத்து, கோலாலம்பூரில் சரக்கைத் தெரிவு செய்து, முற்பணம் கொடுக்க அட்டையை நீட்டினால் இயந்திரம் மறுக்கிறது. எல்லையில் பெரும் பகுதி காருக்கே போய்விட்டது. ஊரிலிருந்து பணம் வருவதற்குள் அந்தச் சரக்கை வேறொருவர் எடுத்துவிட்டார். கார் வாடகையில் அவர் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

டெபிட் அட்டையை ஏற்காத கவுண்டர்கள் பல. ஏற்பவர்களும் சில இடங்களில் பணத்தை உண்மையாகவே எடுத்துப் பிறகு திருப்பி அனுப்புவார்கள். போகும்போது ஒரு மாற்று வீதம், வரும்போது இன்னொன்று. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டதைப் பார்த்த நமக்கு, சில வார இடைவெளி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆகவே சரக்குக்கு ஓர் அட்டை, காருக்கு வேறோர் அட்டை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காப்புறுதி. 'முழுக் காப்புறுதி உண்டு' என்பார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட தொகை வரையான சேதத்தை நீங்கள்தான் ஏற்க வேண்டும். ரயர், கண்ணாடி, வாகனத்தின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் அதற்குள் வராது. வேறொருவர் வந்து மோதினாலும் முதலில் உங்கள் பிணைப்பணத்தில்தான் கை வைப்பார்கள். நமது ஃபிக்ஹில் இஜாராவாகப் பொருளை எடுத்தவரின் கை அமானிதக் கை. அவர் வரம்பு மீறினாலோ கவனயீனமாக இருந்தாலோ ஒழிய நட்டம் சொந்தக்காரரைச் சேரும். இந்த ஒப்பந்தங்கள் அதைத் தலைகீழாக்குகின்றன. நம் ஊரில் வாகனம் வாடகைக்குக் கொடுக்கும் சகோதரர்களும் அதையே பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான். கூடுதல் நாள் கட்டணம் கொடுத்து அந்தத் தொகையைக் குறைக்க வழியுண்டு. நான்கைந்து நாள் பயணத்துக்கு அது பெரும்பாலும் கொடுக்கத் தகுந்ததே.

மூன்றாவது, ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்கான கட்டணம். பினாங்கில் எடுத்துக் கோலாலம்பூரில் விடுபவர் இதைக் கேட்காமல் முன்பதிவு செய்யக்கூடாது. சில வேளை இரண்டு நாள் வாடகைக்குச் சமமாக இருக்கும்.

பெற்றோலிலும் ஒரு விடயம். 2025 செப்டம்பர் இறுதியில் மலேசிய அரசாங்கம் ஆர்ஓஎன்95 பெற்றோலின் மானிய விலையைத் தன் பிரஜைகளுக்கு மட்டும், அடையாள அட்டையைக் கொண்டு வழங்க ஆரம்பித்தது. கார் மலேசியாவுடையதாக இருந்தாலும் ஓட்டுபவர் வெளிநாட்டவர் என்றால் கூடிய விலைதான். பழைய பயணத்தின் கணக்கை வைத்துச் செலவு போட வேண்டாம். டோல் சாவடிகளுக்கு 'டச் அண்ட் கோ' அட்டை தேவை, காசு நீட்டிப் பயனில்லை. அட்டை காரில் இருக்கிறதா, அதில் எவ்வளவு மீதி என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். வேகத்துக்கும் வாகனத் தரிப்புக்கும் வரும் அபராதத்தை அங்கே 'சமன்' என்பார்கள். அது கார்க் கம்பனிக்குப் போய், பிறகு உங்களிடம் வரும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். இரண்டாவது முதலாவதன் மொழிபெயர்ப்பு மாதிரித்தான், தனியாகச் செல்லாது. தமிழ் பேசும் ஆட்கள் பினாங்கில் தாராளம். 'நானா, நம்ம கார் மலிவு' என்று வெளியே கூப்பிடுபவரும் கிடைப்பார். கடுதாசி இல்லாமல், பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் விலகி விடுங்கள்.

காரை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், எரிபொருள் மானியையும், ஓடிய தூரத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஓர் ஊழியரின் கையெழுத்தை வாங்குங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் விடுவதானால் எந்த முனையம் என்பதை முன்பே கேட்டு வைக்க வேண்டும். அங்கே இரண்டு முனையங்கள் உள்ளன, ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போக முடியாது.