வழியில் ஒரு பழைய சிற்றுண்டிச்சாலை

மோட்டாரில் நெடுந்தூரம் பயணம் போகிறவர்கள், புறப்படுமுன் வழியில் பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். கோயில், கோட்டை, அணை, அருவி எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். சாப்பிடும் இடம் மட்டும் பெரும்பாலும் இராது. பசித்த இடத்தில் வண்டியை நிறுத்துவது, கிடைத்ததைத் தின்பது, மறுபடி புறப்படுவது என்பதே நம் வழக்கம். ஆனால் நூறாண்டு கண்ட ஒரு சிற்றுண்டிச்சாலையும் சரித்திரச் சின்னம்தான். கோட்டையில் வாழ்ந்தவர்கள் போய்விட்டார்கள். இங்கோ அடுப்பு இன்னும் எரிகிறது.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பெங்களூர் லால்பாக் சாலையில் உள்ள ‘மாவள்ளி டிபன் ரூம்ஸ்’ என்ற சிற்றுண்டிச்சாலையை எடுத்துக்கொள்வோம். எம்.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். சென்னையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மைசூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். வடநாட்டிலிருந்து நாகபுரி, ஐதராபாத் வழியாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தமிழகம் நோக்கி இறங்கி வருகிறவர்களுக்கும் பெங்களூர் வழியிலேயே இருக்கிறது. ஆகவே விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மாணவ நண்பர்கள் பலர், என்றாவது ஒருநாள் அதன் வாசலில் காத்து நிற்கக்கூடும்.

பழைய கடைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், “அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது” என்று புகழ்வது உண்டு. அது பாதி உண்மைதான். மாறாமல் இருந்த கடைகள் பல மூடப்பட்டுவிட்டன. நிலைத்து நின்ற கடை, காலம் நெருக்கியபோதெல்லாம் தன்னை மாற்றிக்கொண்ட கடை. எம்.டி.ஆரின் வரலாற்றில் இத்தகைய மாறுதல்கள் நான்கைக் காணலாம். அவற்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவனுக்கு, இலையில் வரும் பலகாரம் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும்.

முதலில் அதன் பிறப்பு. முற்காலத்தில் வழிப்போக்கனுக்குச் சத்திரம் உண்டு, உறவினர் வீடு உண்டு. காசு கொடுத்து அந்நியர் சமைத்ததைச் சாப்பிடுவது கௌரவக் குறைவு என்று கருதியவர் பலர். ரயிலும் நகரங்களும் பெருகவே இந்த நிலை மாறியது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணத்தில் வேலை பார்க்க வந்தவர்களுக்குச் சோறு வேண்டியிருந்தது. இந்தத் தேவையை உணர்ந்து, உடுப்பி வட்டாரத்துச் சமையற்காரர்கள் தென்னாட்டு நகரங்களில் எல்லாம் கடை திறந்தார்கள். அவ்வாறு வந்த மையா சகோதரர்கள் 1924-ல் பெங்களூரில் ஒரு சிறு கடை வைத்தார்கள். காப்பியும் இட்டலியும் விற்ற அந்தக் கடையின் பெயர் ‘பிராமின் காப்பி கிளப்’. இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

முதல் மாறுதல் இரண்டாம் உலகப் போரில் நேர்ந்தது. தென்னாடு அந்நாளில் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துக்கொள்ளவே, அந்த வரவு நின்றது. அரிசி அருமையாயிற்று. அரிசி இல்லாமல் இட்டலி ஏது? எம்.டி.ஆர். சமையற்கூடத்தில் ரவையைக் கொண்டு சோதனை செய்து பார்த்தார்கள். இன்று எங்கும் கிடைக்கும் ரவா இட்டலி அப்படித்தான் பிறந்தது என்று அக்கடையார் உரிமை கொண்டாடுகிறார்கள்.

அரிசி இருந்த இடத்தில் ரவையைப் போட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். சாதாரண இட்டலிக்கு அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, அரைத்து, இரவு முழுவதும் புளிக்கவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவில் வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவே இட்டலியைப் பூப்போல ஆக்குகிறது. ரவா இட்டலியில் ஊறவைத்தலும் இல்லை, அரைத்தலும் இல்லை. ரவையை நெய்யில் வறுத்து, கடுகும் கறிவேப்பிலையும் முந்திரியும் தாளித்துச் சேர்த்து, புளித்த தயிரில் கரைத்துச் சிறிது சமையல் சோடா போடுகிறார்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் கலந்தவுடன் கரியமில வாயு கிளம்புகிறது. ஓர் இரவு செய்யும் வேலையைச் சில நிமிஷங்களில் இது செய்து முடிக்கிறது. இந்தச் செய்தியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் பின்னால் ஒரு பயன் உண்டு.

இரண்டாவது மாறுதல் சமையலறையில். கடையை நடத்தி வந்த யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே உணவு விடுதிகள் எவ்வாறு நடக்கின்றன என்று பார்த்து வந்தார். அங்குள்ள தின்பண்டங்களை அவர் கொண்டுவரவில்லை. சுத்தத்தையும் ஒழுங்கையும் கொண்டுவந்தார். பாத்திரங்களை நீராவியில் தூய்மை செய்யும் வழக்கம் அவர் கடைக்கு வந்தது. முன்பெல்லாம் கடைச் சோற்றின் சுத்தத்துக்குச் சமைத்தவனின் குலமே நற்சான்று என்று பலர் நம்பினார்கள். கொதிநீராவிக்குக் குலம் தெரியாது. அது யார் கைப்பட்ட தட்டையும் ஒன்றுபோலச் சுத்தம் செய்யும். சுத்தம் என்ற சொல்லுக்கே இங்கே பொருள் மாறியது எனலாம்.

மூன்றாவது மாறுதல் பெயரில். ‘பிராமின்’, ‘பிராமணாள்’ என்ற சொற்கள் அந்நாளில் பல ஓட்டல்களின் பலகையில் இருந்தன. சமைப்பவர் யார் என்று சொல்வதற்கே அச்சொல் என்று கடைக்காரர் கூறினர். ஆனால் யார் எங்கே உட்காரலாம் என்ற கேள்வியும் அதனுடன் ஒட்டியே வந்தது. தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்ற பிரிவினை 1941 வரையில் இருந்தது. பெரியாரும் அவருடைய தோழர்களும் செய்த கிளர்ச்சிக்குப் பின்னரே அது ஒழிந்தது. ஒரே வண்டியில், ஒரே கட்டணம் கொடுத்து வந்தவர்கள், பசித்தபோது மட்டும் பிரிந்து உட்கார வேண்டியிருந்தது!

1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது விதி, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைய எவருக்கும் சாதி, மதம் முதலியவற்றைக் காட்டித் தடை விதிக்கக்கூடாது என்று கூறுகிறது. நாட்டின் மூலச் சட்டத்தில் உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், சாப்பாட்டு மேசை எவ்வளவு பெரிய போர்க்களமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் வந்த பிறகும் பலகைகள் உடனே மாறிவிடவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957-ல் பெரியார் மறியல் தொடங்கினார். நூற்றுக்கணக்கானவர் சிறை சென்றனர்.

பெங்களூர்க் கடை 1960-ல் இப்போதுள்ள இடத்துக்குக் குடியேறியது. அதன் பலகையில் இன்று நாம் காணும் பெயர் மாவள்ளி டிபன் ரூம்ஸ். மாவள்ளி என்பது அந்தப் பேட்டையின் பெயர். சாதியின் பெயர் இருந்த இடத்தில் ஊரின் பெயர் வந்து அமர்ந்தது.

நான்காவது மாறுதல் 1975-ல் வந்த நெருக்கடி நிலையை ஒட்டியது. உணவுப் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. ஏழைக்கு உதவும் நோக்கமே என்றாலும், நல்ல நெய்யும் நல்ல காப்பிக்கொட்டையும் வாங்கி அந்த விலையில் விற்றால் கடை நடக்காது. தரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது வேறு வழி தேட வேண்டும். எம்.டி.ஆர். வேறு வழி தேடியது. வீட்டில் கலந்து உடனே சமைக்கும் மாவுகளைப் பொட்டலங்களில் அடைத்து விற்கத் தொடங்கியது.

அந்தப் பொட்டலங்களில் முக்கியமான ஒன்று எது? ரவா இட்டலி மாவு! முன்னே சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். புளிக்க வேண்டிய அரிசி மாவை ஈரத்தோடு பொட்டலத்தில் அடைத்தால் அது மேலும் புளித்துக் கெடும். உலர்ந்த ரவையும் சோடாவும் அப்படிக் கெடுவதில்லை. தயிரை மட்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டால் போதும். போர்க்காலத்துப் பஞ்சத்தில் பிறந்த பலகாரம், 30 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நெருக்கடியில் கடைக்குக் கைகொடுத்தது. இந்தப் பொட்டல வியாபாரம் பெரிதாக வளர்ந்து, 2007-ல் நார்வே நாட்டு ஆர்க்லா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. சிற்றுண்டிச்சாலை மட்டும் மையா குடும்பத்தாரிடமே இருக்கிறது. பேர் ஒன்றாயினும் உரிமையாளர் இருவர் என்பதைப் பலர் அறியார். ஊரை விட்டு வெகுதூரத்தில், விடுதி அறையில் திருட்டுத்தனமாக அடுப்பு மூட்டி இட்டலி செய்யும் மாணவனின் கையில் இருப்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதியே.

இனி, போகிறவர்களுக்குச் சில யோசனைகள். அவசரமாகப் போகாதீர்கள்; விடுமுறை நாட்களில் வெகுநேரம் காத்திருக்க நேரும். லால்பாக் தோட்டம் அருகிலேயே இருக்கிறது. 1760-ல் ஐதர் அலி தொடங்கி, திப்பு விரிவாக்கிய தோட்டம் அது. காலையில் அங்கே ஒரு சுற்று நடந்துவிட்டுச் சாப்பிட வருவது உத்தமம். ரவா இட்டலியைக் கேட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கு சாகுவும் சட்டினியும் நெய்யும் உடன் வரும். காப்பியை முடித்த பிறகு, இடத்துக்காக நிற்பவர்களை நினைத்து எழுந்துவிடுங்கள்.

இந்த ஊரில்தான் என்றில்லை. கல்கத்தாவின் காலேஜ் தெருக் காப்பி ஹவுஸ் ஆனாலும், பம்பாயின் இரானிக் கடை ஆனாலும், பழைய உணவு விடுதி எதற்குப் போனாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதன் முதல் பெயர் என்ன? இந்தப் பலகாரம் எந்தத் தேவையால் வந்தது? முன்னே இங்கே யார் உட்கார்ந்தார்கள், யார் உட்கார முடியவில்லை? மூட வேண்டிய நிலை வந்தபோது இது எப்படிப் பிழைத்தது? கல்லாவில் இருக்கும் பெரியவரிடமோ, நெடுநாள் பரிமாறி வரும் ஊழியரிடமோ மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

எம்.டி.ஆரில் கூட்டம் மிகுந்தால், அறிமுகமில்லாதவர்களை ஒரே மேசையில் சேர்த்து உட்கார வைத்துவிடுகிறார்கள். தனி மேசை கிடைக்கவில்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். எதிரே அமர்ந்திருப்பவர் எந்த ஊர், எந்தக் குலம் என்று யாரும் கேட்பதில்லை. சட்டினிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தால் போதும். நூறாண்டில் நடந்த மாறுதல்கள் அனைத்திலும் பெரியது அதுவே.