கம்ப்யூட்டருக்கு வயசாகுமா?

"வாங்கினப்ப நல்லா ஓடிச்சு, இப்ப ஆன் பண்ணிட்டு காபி குடிச்சிட்டு வந்தாலும் எழுந்திருக்க மாட்டேங்குது." மென்பொருள் துறையில் இருக்கும் எவரும் உறவினர் வீட்டு விசேஷங்களில் தவறாமல் கேட்கும் புகார் இது. அடுத்து "புதுசு வாங்கிடலாமா?" என்பார்கள். முப்பது நாற்பதாயிரம் ரூபாய் சமாச்சாரம். கொஞ்சம் பொறுங்க, காரணத்தைப் பார்த்துவிடலாம்.

ப்ராசஸர் வண்டி டயர் மாதிரி தேய்கிற பொருள் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி துடிப்பு. பத்து வருஷம் கழித்தும் அதே 240 கோடிதான். மாறுவது நாம் அதன் தலையில் ஏற்றும் சுமை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைப் பற்றி எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டே போகிறது என்பது அவர் வாதம். இன்றைக்கு ஒரு பிரவுசரைத் திறந்து பார்த்தாலே அவர் சொன்னது புரியும்.

சரி, நம்ம கம்ப்யூட்டரில் சிக்கல் எங்கே? விண்டோஸ் என்றால், மந்தமாக இருக்கும் நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று எண்களைப் பாருங்கள்.

1) டிஸ்க் 100% என்று நிற்கிறதா?

பழைய லேப்டாப்களில் இதுதான் அதிகம். கொஞ்சம் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் எடுக்கும். தேவையான இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்ட் ஆகும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு பத்து. ஆக மொத்தம் சுமார் 15. அப்படியானால் அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளில் நொடிக்கு அறுபது எழுபதைத்தான் படிக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கவோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்க வேண்டும். காபி நேரம் இப்படித்தான் போகிறது! எஸ்எஸ்டி-யில் சுழலும் தட்டே கிடையாது, ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செகண்ட் அளவில்தான் ஆகும். அதை மாற்றினாலே வேறு கம்ப்யூட்டர் மாதிரி தெரியும்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் எப்போதும் 100%-ல் நின்று, கூடவே 'டிக் டிக்' சத்தமும் வந்தால் அது சாகக் கிடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். வேகத்தை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் நகல் எடுங்கள்.

2) மெமரி 90%-ஐத் தாண்டுகிறதா?

ரேமில் இடம் பத்தாதபோது விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்துவரும். ரேமோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் லட்சம் மடங்குக்கு மேல் மெதுவானது. 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் இருபது டேப் திறந்தால் இதுதான் நடக்கும். ரேம் கூட்ட இடமிருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள்.

3) சிபியு திணறுகிறதா?

பட்டியலில் முதலில் நிற்கும் புரோகிராம் எது என்று பாருங்கள். ஃபேன் இரைந்துகொண்டே இருக்க, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'ஸ்பீட்' என்பது 'பேஸ் ஸ்பீட்'டைவிட ரொம்பக் கீழே கிடந்தால், சூடு தாங்காமல் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது எனலாம். உள்ளே தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

கையில் இருந்து காசு போவதற்கு முன், செலவில்லாத மூன்று வேலைகள்:

• ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்துங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் களையெடுங்கள்.
• சி டிரைவ் நிரம்பி வழிந்தால் கொஞ்சம் இடம் காலி செய்யுங்கள்.
• 'ஷட் டவுன்' போதாது, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும்போது ஷட் டவுன் பண்ணினாலும் கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அதே பழைய நிலை திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் முழுசாகப் புதிதாய்த் தொடங்கும்.

'ரெஜிஸ்ட்ரி கிளீனர்', 'ரேம் பூஸ்டர்' என்று விளம்பரத்தில் வருபவை பக்கம் போகாதீங்க. அவையும் பின்னணியில் ஓடும் இன்னொரு சுமைதான்.

எல்லாக் கம்ப்யூட்டரையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் கூட்ட வழியில்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-வும் ஓரளவு புதிய ப்ராசஸரும் வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் நிறுவிப் பாருங்கள். பிரவுசர், பாடம், டைப்பிங் என்ற அளவில் பயன்படுத்தும் வீட்டுக்கு அது இன்னும் சில வருஷம் தாராளமாக ஓடும். உங்கள் டாஸ்க் மேனேஜரில் எந்த எண் உச்சத்தில் நிற்கிறது? பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.