தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு
(பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனின் கட்டுரைகளைப் பற்றி)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

வாணியம்பாடி என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று பிரியாணி, மற்றொன்று தோல். முதலாவதற்கு நாவில் நீர் ஊறும், இரண்டாவதற்குக் கை மூக்குக்குப் போகும். அந்தத் தோலுக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. எழுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒருவர் அதைக் கேட்டார். கேள்வி அவரைத் தோலிலிருந்து புரதங்களின் உலகத்துக்கே இட்டுச் சென்றது. அவரே ஜி. என். ராமச்சந்திரன்.

என் தந்தையார் டேனரியில் வேலை செய்கிறார். குரோம் ஏற்றிய தோல் டிரம்மிலிருந்து வெளியே வருமுன், ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்ப்பார்கள். துண்டு சுருங்காமல் இருந்தால் தோல் தயார். சுருங்கினால் டிரம் இன்னும் ஓட வேண்டும். பச்சைத் தோலை அதே நீரில் போட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு ரப்பர்போல் ஆகிவிடும். மேலும் கொதிக்கவிட்டால் பசையாகக் கரையும். பிள்ளைப் பருவத்தில் இதை வேடிக்கையாகப் பார்த்தேன். கல்லூரிக்கு வந்த பின்னர்தான், தந்தையார் அன்றாடம் செய்யும் அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு கட்டமைப்பு இருக்கிறது என்பதும், அதை முதலில் சொன்ன கட்டுரை சென்னையிலிருந்து போனது என்பதும் தெரிந்தன.

1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்த ராமச்சந்திரன், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சென்றவர், சர் சி. வி. ராமனிடம் இயற்பியல் மாணவரானார். கேம்பிரிட்ஜ் சென்று திரும்பிய பின், 1952இல் முப்பது வயது நிரம்புமுன்பே சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அங்கு வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் புரதம் அது. கொலாஜன் வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டியதில்லை. அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கங்காருவின் வால் தசைநாண் தந்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் நல்ல தெளிவாக அமைந்தன. ராமச்சந்திரனும் உடன் ஆராய்ந்த கோபிநாத் கார்த்தாவும் 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டார்கள். அது இரண்டே பக்கக் கட்டுரை.

கொலாஜன் மூன்று புரிகளாலான கயிறு என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். மூன்று புரிகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ளும் கயிற்றின் உட்புறத்தில் இடம் மிகக் குறைவு. பக்கக் கிளையே இல்லாத கிளைசின் மட்டும்தான் அங்கே பொருந்தும். ஆகவே ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். அவ்விடத்தில் வேறோர் அமிலம் புகுந்துவிட்டால் சில குழந்தைகளுக்கு எலும்பு தொட்டால் முறியும் நோய் வருகிறது என்பதைப் பின்னாளில் மருத்துவர்கள் கண்டார்கள். கொதிநீரில் பச்சைத் தோல் சுருங்குவதும் இந்தக் கயிற்றின் முறுக்கு அவிழ்வதால்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் குரோமியமும் இந்தப் புரிகளை வெவ்வேறு வகையில் ஒன்றோடொன்று பிணைத்து வைக்கின்றன. குரோமியத்தின் பிணைப்பு கொதிநீரையும் தாங்கும். தந்தையாரின் துண்டு சுருங்காததற்குக் காரணம் அதுவே.

இனி மேற்கோள் விஷயத்துக்கு வருவோம். ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசும்போது, அவர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று இப்போது கேட்கிறார்கள். இது என்ன கணக்கு என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. நம் ஊர்க் கல்யாண மொய் நோட்டை நினைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர், யாரிடமிருந்து எதைப் பெற்றேன் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறார். அது அவருடைய மொய் நோட்டு. ஆனால் ஒரு மொய் நோட்டைப் பார்த்தால் அந்த வீட்டுக்கு யார் யார் செய்தார்கள் என்பது தெரியுமே தவிர, குறிப்பிட்ட ஒருவர் எத்தனை வீடுகளில் மொய் எழுதியிருக்கிறார் என்பது தெரியாது. அதற்கு ஊரிலுள்ள நோட்டுகளையெல்லாம் வாங்கித் திருப்பி அடுக்க வேண்டும். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் அதைத்தான் செய்தார். 1960களில் அவர் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையில், ஒரு பழைய கட்டுரையைப் பின்னால் வந்தவர்களில் எவரெவர் எடுத்தாண்டார்கள் என்பதைத் தேடிக் காணலாம்.

மொய் நோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. மனஸ்தாபமுள்ள பங்காளி வந்து எழுதினாலும் அதுவும் ஒரு வரிதான். மேற்கோளிலும் அப்படியே, புகழ்ந்தாலும் மறுத்தாலும் கணக்கில் ஒன்று. சென்னைக் கட்டுரைக்கு முக்கியமான ஒரு மறுப்பு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 1955இல் ராமச்சந்திரனும் கார்த்தாவும் தம் மாதிரியைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் இருவரும், மூன்று புரி என்பதை ஏற்றுக்கொண்டாலும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவு நெருங்கிவிட்டன என்றார்கள். மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை. ஒன்றுதான் இருக்க முடியும் என்றது கேம்பிரிட்ஜ். 1994இல் கொலாஜன் போன்ற ஒரு துண்டின் படிகம் ஆராயப்பட்டபோது நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் தென்பட்டது. நீர் மூலக்கூறுகள் வழியாக அமையும் பிணைப்புகளும் உடன் இருந்தன. கணக்கு எழுதினால் நுணுக்கத்தில் கேம்பிரிட்ஜுக்கும் அடிப்படையில் சென்னைக்கும் வெற்றி எனலாம்.

மறுப்பைக் கேட்ட ராமச்சந்திரன் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. நெருங்கக் கூடாத தூரம் என்கிறார்களே, அந்தத் தூரம் எவ்வளவு? அதை யார் அளந்தார்கள்? அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி, இரண்டு அணுக்கள் எவ்வளவு அருகில் வரலாம் என்று பட்டியல் எடுத்தார்கள். பிறகு புரதச் சங்கிலி எவ்வகையில் வளையலாம், எவ்வகையில் வளைய முடியாது என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து கணக்கிட்டார். கணினி எளிதில் கிடைக்காத காலம். மேசைக் கணக்குப் பொறியே துணை.

கணக்கின் உட்பொருளை எங்கள் வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். ஒற்றை அறை. அறைக் கதவும் பீரோக் கதவும் அடுத்தடுத்து இருக்கின்றன. அறைக் கதவை முழுதும் திறந்தால் பீரோ பாதிதான் திறக்கும்; பீரோவை விரியத் திறந்தால் வெளியிலிருப்பவர் உள்ளே வர முடியாது. ஒரு வரைபடத் தாளில் கிடையாக அறைக் கதவின் கோணத்தையும், நெடுக்காகப் பீரோக் கதவின் கோணத்தையும் குறித்து, இரண்டும் இடிக்காத இடங்களுக்கு மட்டும் மையிட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய முக்கியப் பிணைப்புகள் இரண்டு. அவற்றின் கோணங்கள் ஃபை, சை எனப்படும். இரண்டையும் குறித்துப் பார்த்தால் தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே நிற்கும். மையிட்ட சில தீவுகளில்தான் புரதம் வாழ முடியும். கிளைசினுக்குப் பக்கக் கிளை இல்லாததால் அதற்குக் கிடைக்கும் இடம் சற்று விசாலம்.

1963இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி’யில் வந்த இந்தக் கட்டுரைக்கு ஐந்தே பக்கம். இன்று உலகில் எங்கு ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க இந்த வரைபடத்தில் குறிக்கிறார்கள். 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இப்போது இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அவற்றுக்குரிய சரிபார்ப்பு அறிக்கைகளில் ராமச்சந்திரன் பெயர் வருகிறது. ஆயினும் அத்தனை பேரும் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் எழுதுவதில்லை. ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். நியூட்டன் விதியைச் சொல்பவர் நியூட்டன் நூலின் பக்க எண்ணைத் தருவதில்லையே! பெயர் மிகவும் பரவிவிட்டால் மேற்கோள் குறைகிறது. அறிவுக்குள் கரைந்து மறைவது என்ற பொருளில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் உயிர்வேதியியல் நண்பர்களுக்குத் தெரியும். புரதத்தின் அளவைக் காண லவுரி முறை என்று செய்முறை வகுப்பில் நீல நிறம் வரவழைப்பார்கள். 1951இல் வந்த அந்த ஒரு கட்டுரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றுள்ளது. பயனுள்ள முறைதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் அறிவியலின் உச்சியில் அதுவே நிற்பதுபோல் தோன்றும். 2005இல் ஹிர்ஷ் என்பவர் கொடுத்த ‘எச்’ எண் இன்னொரு வகை: குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் எச் பத்து. இந்தக் கணக்கில் ஆயிரம் ஆயிரமாக எடுத்தாளப்பட்ட ஐந்து பக்கக் கட்டுரையும், பத்தே பேர் பார்த்த கட்டுரையும் ஒன்று ஒன்றாகவே சேரும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெயர் குறுகிப்போன கதையும் ஒன்று உண்டு. 1971இல் ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் மீண்டும் ஓர் ஐந்து பக்கக் கட்டுரை எழுதினார்கள். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுறுப்பின் வடிவத்தை விரைவாகக் கணக்கிடும் வழி அது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இல் இதையொத்த வழியைச் சொல்லியிருந்தார்கள். சி.டி. ஸ்கேனுக்காக 1979இல் கோர்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரையின் வழியோ கணினி நிரல்களுக்குள் ‘ராம்-லாக்’ வடிகட்டி என்ற பெயரில் குடியேறிவிட்டது. வேலூரில் ஸ்கேன் எடுக்க வரிசையில் நிற்கும் நம் ஊர்க்காரர் எவருக்கும், ‘ராம்’ யார், ‘லாக்’ யார் என்று தெரிய வேண்டிய அவசியம் நேர்வதில்லை.

1977இல் லண்டன் ராயல் சொசைட்டி ராமச்சந்திரனை உறுப்பினராக்கியது. 1999இல் படிகவியலுக்கான எவால்டு பரிசு வந்தது. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’, அதாவது முப்புரி, என்றே பெயர்.

இவ்வளவையும் ஓர் இரவு என் தந்தையாருக்குச் சொன்னேன். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் தோல் பற்றிய பேச்சென்றால் கவனமாகக் கேட்பார். முப்புரிக் கயிறு என்றதும் தலையசைத்தார். மேற்கோள் எண்ணிக்கை அவரை அசைக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“முதல் கட்டுரையில கூட ஒருத்தர் பேரு சொன்னியே, அவரு இன்னா ஆனாரு?”

டிரம்முக்குப் பக்கத்தில் ஆயுள் முழுதும் இரண்டாவது ஆளாக நின்றவர் அப்படித்தான் கேட்பார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் நூலகத்தில் தேடினேன். கோபிநாத் கார்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்றார். அங்கே பெல்லோ, ஹார்க்கர் இருவரோடும் சேர்ந்து, ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முழு அமைப்பையும் கண்டறிந்து 1967இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. அன்று மாலை வேலை முடிந்து வந்த தந்தையாரிடம் அதைச் சொன்னேன்.