குலுக்கல் யார் கண்முன் நடக்கிறது?

கேரள அரசு லாட்டரியின் 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு விழுந்த சீட்டு, தமிழக எல்லையை ஒட்டிய வாளையாற்றில் விற்றது. வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர். கோவைக்காரர்களுக்குத் தெரியும், வாளையாறு சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் லாட்டரி அரசின் வருமானம். இந்தப் பக்கம் அதே சீட்டை விற்றால் வழக்கு.

இந்த வேறுபாட்டுக்கு வழி செய்வது 1998இல் நாடாளுமன்றம் இயற்றிய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். மாநில அரசு லாட்டரி நடத்தலாம். ஆனால் சீட்டை அரசே அச்சிட வேண்டும், குலுக்கலையும் அரசே தன் எல்லைக்குள் நடத்த வேண்டும். ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக் கூடாது. பிற மாநிலச் சீட்டுகளைத் தன் மண்ணில் தடுக்கும் அதிகாரம் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. தான் லாட்டரி நடத்திக்கொண்டே அடுத்தவர் சீட்டை மட்டும் தடுக்க முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணா காலத்தில், 1968இல் தொடங்கிய தமிழக அரசின் பரிசுச் சீட்டும், 2003இல் தமிழ்நாடு கொண்டுவந்த லாட்டரித் தடையோடு நின்றது.

கேரளம் நிறுத்தவில்லை. அங்கே 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இன்று திருவனந்தபுரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு, நடுவர் குழு முன்னிலையில் இயந்திரம் சுழல்கிறது. 25 கோடி என்றால் 25 கோடியும் கைக்கு வராது. முகவர் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வருமான வரி 30 சதவீதம் போனால் 15.75 கோடி, அதன்மேல் கூடுதல் வரியும் உண்டு.

பிரிட்டனில் 1994இல் தொடங்கிய தேசிய லாட்டரியை அரசு தானே நடத்துவதில்லை. உரிமம் பெற்ற நிறுவனம் நடத்துகிறது, சூதாட்ட ஆணையம் கண்காணிக்கிறது. பரிசுக்கு வரி கிடையாது. சீட்டு வாங்கும் வயதை 2021இல்தான் 16லிருந்து 18ஆக உயர்த்தினார்கள். அவ்வளவு காலம் விட்டு வைத்திருக்கக் கூடாது.

ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி வேறு மாதிரி. நெப்போலியன் படைகளை எதிர்த்து நின்ற காடிஸ் நகரில், போர்க்கால வருமானத்துக்காக 1812இல் பிறந்தது. ஆண்டுக்கு ஒரே குலுக்கல், டிசம்பர் 22இல். பெரிய உருளையில் 00000 முதல் 99999 வரை ஒரு லட்சம் மரக் குண்டுகள். சின்ன உருளையில் பரிசுத் தொகைகள். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக விழ விழ, சான் இல்டெஃபோன்ஸோ பள்ளிப் பிள்ளைகள் எண்ணையும் தொகையையும் ராகம் போட்டுப் பாடுகிறார்கள். முடியச் சில மணி நேரம் ஆகும். வசூலில் 70 சதவீதம் பரிசாகவே திரும்புகிறது. முழுச் சீட்டின் விலை அதிகம் என்பதால் பத்தில் ஒரு பங்கை 20 யூரோவுக்கு வாங்கி, அதையும் அலுவலகத்திலும் குடும்பத்திலும் பகிர்ந்துகொள்கிறார்கள். குண்டுகளில் எண்ணை மையால் எழுதாமல் லேசரால் பொறிப்பது, எடை ஒன்றுபோல் இருக்க.

எடை அற்ப விஷயமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில லாட்டரியில் 1980இல் தொலைக்காட்சி நேரலையிலேயே 666 என்று விழ வைத்தார்கள். மற்றப் பந்துகளுக்குள் வண்ணப்பூச்சைச் செலுத்திக் கனமாக்கியிருந்தார்கள். கனமற்ற 4, 6 மட்டுமே மேலே எழும்பின. கணினி வந்த பிறகு இதைவிடப் பெரிய மோசடி நடந்தது. பல மாநில லாட்டரிகளுக்குச் சேவை தந்த சங்கத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி எடி டிப்டன், எண்களைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளிலேயே ரகசிய நிரலைப் புகுத்தினார். ஆண்டின் குறிப்பிட்ட சில நாள்களில் என்ன எண் வரும் என்பதை அவரால் முன்கூட்டியே கணிக்க முடிந்தது. 2017இல் 25 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை பெற்றார். பல கண்கள் பார்க்க உருளும் மரக் குண்டை நான் அதிகம் நம்புவது இதனால்தான்.

நேர்மை ஒரு பாதி. வேகம் மறு பாதி. டிசம்பருக்காகக் காத்திருப்பவர் இழப்பது ஆண்டுக்கு ஒரு சீட்டின் விலை. ஒரே நாளில் பல குலுக்கல் என்றால், காலையில் விட்டதை மாலையில் பிடிக்கத் தோன்றும். தினக்கூலி கரைவது அங்கேதான். தமிழ்நாட்டில் தடைக்கு முன் பல மாநிலச் சீட்டுகள் குவிந்து அந்த வேகத்தில்தான் ஓடின. தடை சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் மூன்று நம்பர் லாட்டரி ஓயவில்லை. கேரள முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துத் துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் பணம் கட்டுகிறார்கள். எண் விழுந்தும் பணம் வராதவர் காவல் நிலையத்துக்குப் போக முடியாது. அவர் கட்டியதும் குற்றக் கணக்கில்தான் சேரும்.