ஸ்கின் கலர் எது பாஸ்?

‘‘ஏய், பார்த்து வா... ஹன்னிபாலை மிதிச்சிடாதே!’’

மாடிப்படி ஏறி முடிக்கிறதுக்குள்ளே இப்படி ஒரு வரவேற்பு. குனிஞ்சு பார்த்தா, நிஜமாவே காலுக்குப் பக்கத்துல ஒரு படை. ஈட்டி, கேடயம், குதிரை, யானை சகிதமா நிக்குது. ஒவ்வொரு ஆளும் என் சுண்டுவிரல்ல பாதி உயரம், அவ்வளவுதான்!

இடம்: கிளிஞ்சல்மேடு. காரைக்கால்காரங்களுக்கு அறிமுகமே தேவையில்லாத மீனவ கிராமம். கீழே வாசல்ல அம்மா கருவாடு காய வெச்சிருக்காங்க. மேலே மகன் கி.மு. 216-ஐக் காய வெச்சிருக்கான்!

மகன் என் கிளாஸ்மேட். பேர் போடக் கூடாதுன்னு கண்டிஷன். ‘‘ரெண்டு அரியர் வெச்சுக்கிட்டு பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறான்னு ஊரே சிரிக்கும் தாயே!’’ அதனால இந்தக் கட்டுரை முழுக்க அவன் பேர் ‘தளபதி’.

பொம்மை இல்ல... படை!

தளபதியோட பெரியப்பா மகன் பாரிஸ்ல இருக்கார். போன தடவை லீவுல வந்தப்போ எல்லாருக்கும் சென்ட் பாட்டில், சாக்லேட். தளபதிக்கு மட்டும் ரெண்டு அட்டைப் பெட்டி. ஒண்ணுல ரோம் வீரர்கள், இன்னொண்ணுல கார்த்தேஜ் வீரர்கள். எல்லாம் கலர் அடிக்காத வெறும் பிளாஸ்டிக்.

‘‘செஸ்ல யானை, குதிரை, சிப்பாய் இருக்குல்ல? அதையே கட்டம் இல்லாம விளையாடினா எப்படி இருக்கும்? ஒரு டேபிள்தான் போர்க்களம். ஸ்கேல் வெச்சு அளந்து நகர்த்தணும். யார் ஜெயிச்சாங்கன்னு டைஸ் உருட்டிப் பார்க்கணும். இதுதான் மினியேச்சர் வார்கேம்’’னு கிளாஸ் எடுத்தான் தளபதி. வெளிநாடுகள்ல இதுக்கு ஏகப்பட்ட விதிப் புத்தகங்கள் இருக்கு. தளபதி ஃபாலோ பண்றது ‘டி பெல்லிஸ் ஆன்டிகுயிட்டாட்டிஸ்’. 1990-ல வந்த விதிகள். ஆளுக்குப் பன்னிரண்டே பன்னிரண்டு அணி. சுமார் ஒரு மணி நேரத்துல ஒரு சாம்ராஜ்யத்தோட தலையெழுத்து முடிஞ்சிடும்!

ஆனா, ஒரு மணி நேரம் விளையாடறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல பெயின்ட் அடிக்கணும். அங்கேதான் இருக்கு மேட்டர்.

மணலும் 72-ஆம் வாய்ப்பாடும்

இந்த வீரர்கள் 1/72 அளவு. 170 சென்டிமீட்டர் ஆளை 72-ஆல வகுத்தா 2.36 சென்டிமீட்டர். நாலு காலாட்படை வீரர்களை 60 மில்லிமீட்டர் அகல அட்டையில வரிசையா ஒட்டினா அது ஒரு அணி. யானைக்கு மட்டும் 60-க்கு 60 தனி அட்டை. வி.ஐ.பி-யாச்சே!

தளபதி பண்ணின முதல் சொதப்பல், அப்பா போட்டுக்கு அடிச்ச எனாமல்ல மிச்சத்தை எடுத்து யானைக்கு அடிச்சது. யானையோட கண்ணு, காது எல்லாம் பெயின்ட்டுக்குள்ள முங்கிப்போச்சு. காய்ஞ்சதும் தும்பிக்கையை லேசா வளைச்சிருக்கான். வெயில்ல தோல் உரியற மாதிரி மொத்தமும் கழண்டு வந்துடுச்சு.

இப்போ ஆள் கில்லாடி. அவன் சொன்ன டிப்ஸ் இதோ...

பிளாஸ்டிக் அச்சுல இருந்து சுலபமா கழண்டு வர்றதுக்காகத் தடவின பிசுக்கு பொம்மை மேல ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவற சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டு முதல்ல குளிப்பாட்டணும். காய்ஞ்சதும் தண்ணி கலந்த ஃபெவிக்கால் ஒரு கோட். வளையற பிளாஸ்டிக்ல பெயின்ட் உரியாம இருக்கறதுக்கு இதுதான் இன்ஷூரன்ஸ். வாட்டர் பாட்டில் மூடியில ஆளை நிக்க வெச்சு ஒட்டிட்டா, மூடியைப் பிடிச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி அடிக்கலாம். சங்கிலிக் கவசத்துக்கு முதல்ல கறுப்பு. அப்புறம் பிரஷ்ல வெள்ளியைத் தொட்டு, துணியில துடைச்சுட்டு, மிச்சம் இருக்கிறதை மேலோட்டமா தேய்க்கணும். மேடு மட்டும் மின்னும், பள்ளம் கறுப்பாவே இருக்கும். கடைசியில தண்ணியா கரைச்ச பிரவுன் ஒரு கோட் விட்டா மடிப்புக்குள்ள ஓடி நிழல் விழுந்துடும். கண்ணு வரையவே கூடாது. இந்த சைஸ்ல கண்ணு வரைஞ்சா எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி முழிப்பாங்க!

அட்டை மேல தூவ மணல் வேணுமே? கிளிஞ்சல்மேட்டுல மணலுக்கா பஞ்சம்? ஆனா, அப்படியே அள்ளிப் போடக் கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், பசை பிடிக்காம வெள்ளை பூத்துடும். நல்ல தண்ணியில மூணு தடவை அலசி, காய வெச்சு, டீ வடிகட்டியில சலிக்கணும்.

‘‘ஊர் பேரைக் காப்பாத்த ஒரு கிளிஞ்சலையும் ஒட்டலாமே?’’ன்னு கேட்டேன். இன்ஜினீயர் மூளை உடனே வேலை செஞ்சுது. ‘‘ஒரு மில்லிமீட்டர் மணலே 1/72 கணக்குல 7.2 சென்டிமீட்டர் கல்லு. ரெண்டு சென்டிமீட்டர் கிளிஞ்சல்னா 144 சென்டிமீட்டர். வீரனுக்கு நெஞ்சளவு பாறை. அவன் எப்படி சண்டை போடுவான்?’’

பிங்க் வீரர்கள்

எல்லாம் சரி, முகத்துக்கு என்ன கலர்?

பெயின்ட் செட்ல ஒரு குட்டி பாட்டில் இருந்திருக்கு. மேல ‘ஃப்ளெஷ்’னு பேர். உள்ளே இருந்தது இளம் ரோஜா நிறம். தளபதி யோசிக்கவே இல்ல. ரோம்காரனுக்கும் அதே, கார்த்தேஜ்காரனுக்கும் அதே, யானைப் பாகனுக்கும் அதே. மொத்தப் படையும் பிங்க்!

அதைக் கவுத்தது ஒன்பதாவது படிக்கிற அவன் தங்கச்சி. ‘‘ஏண்ணே, கார்த்தேஜ் எங்கே இருக்கு?’’ ‘‘ஆப்பிரிக்காவுல... இப்போ துனீசியா இருக்கிற இடம்.’’ ‘‘அந்த வெயில்ல நிக்கிறவன் எல்லாம் ஏன் ரோஸ் பவுடர் போட்டிருக்கான்?’’

தளபதி கப்சிப்.

நாமளும் அதே கேஸ்தான் ஃப்ரெண்ட்ஸ். எல்.கே.ஜி-யில பக்கத்து பெஞ்ச்ல ‘‘ஸ்கின் கலர் குடு’’ன்னு கேட்டு வாங்கின க்ரேயான் ஞாபகம் இருக்கா? அந்தக் கலர்ல நம்ம வகுப்புல யார் இருந்தா? கொலுவுல கல்யாண செட் பார்த்திருப்பீங்க. மாப்பிள்ளை, பொண்ணு, நாயனக்காரர்னு பாதி ஊர்வலம் ரோஜா நிறத்துலதான் வரும். அமெரிக்காவுல க்ரேயோலா கம்பெனி 1962-லயே ‘ஃப்ளெஷ்’ங்கிற பேரைத் தூக்கிட்டு ‘பீச்’னு மாத்திடுச்சு. நாம இன்னமும் ‘ஸ்கின் கலர்’தான்!

யானை பேர் தெரியும்... பாகன் பேர்?

தங்கச்சி கேட்ட கேள்வி தளபதியைத் தேட வெச்சுது. கிடைச்சதெல்லாம் செம சுவாரஸ்யம்.

ஹன்னிபால் படையில கார்த்தேஜ்காரங்க குறைச்சல். லிபியா, நுமிடியான்னு வட ஆப்பிரிக்க வீரர்கள், ஸ்பெயின் ஆட்கள், கால் இனத்தவர், பலியாரிக் தீவுகள்ல இருந்து வந்த கவண்காரர்கள்னு ஒரு பெரிய கூட்டணி. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இவங்க என்ன போட்டிருந்தாங்கன்னும் எழுதியிருக்கார். கன்னே போர்ல, அதான் கி.மு. 216-ல, ஸ்பெயின் வீரர்களுக்குச் செந்நீலக் கரை போட்ட வெள்ளைச் சட்டை. நம்மூர் கரை வேட்டி மாதிரி! கால் வீரர்கள் வெற்றுடம்பு. ஆப்பிரிக்க வீரர்களோ முந்தின போர்கள்ல ரோமானியர்கள்கிட்ட பிடுங்கின ஆயுதங்களோட நின்னாங்களாம். அதாவது, பார்க்க ரோம் படை மாதிரியே இருப்பாங்க. பெயின்ட் அடிக்கிறவனுக்கு வித்தியாசம் காட்ட மிச்சம் இருக்கிறது கேடயமும் முகமும்தான். அந்த முகத்தையும் பிங்க் ஆக்கிட்டா?

எதிர்ப்பக்கத்துல இருந்து பார்த்தா நம்ம ஆட்கள் இதுல கில்லி. பூம்புகார் இங்கேயிருந்து தரங்கம்பாடியைத் தாண்டினா வந்துடும். அரிக்கமேடு நம்ம புதுச்சேரியிலேயே இருக்கு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினப்போ ரோமானிய ஜாடிகள் கிடைச்சுது. கடல் தாண்டி வந்த யவனர்கள் நம்ம ராஜாவோட பாசறையில காவல் நின்னதை முல்லைப்பாட்டு சொல்லுது. இறுக்கமான உடை, மேல சட்டை, சாட்டை, முரட்டு உடம்புன்னு விவரம் பக்கா. இதை வெச்சு இன்னிக்கும் ஒரு யவனனுக்கு பெயின்ட் அடிச்சிடலாம். புலவர் அந்த ஆளை உத்துப் பார்த்திருக்கார்!

அடுத்தது யானை. கி.மு. 218-ல ஹன்னிபால் 37 யானைகளோட இத்தாலியை நோக்கிக் கிளம்பினார். வழியில ரோன் ஆறு. தெப்பம் கட்டி, மேல மண்ணைப் பரப்பி யானைகளை ஏத்தியிருக்காங்க. நடு ஆத்துல சில யானைகள் மிரண்டு குதிச்சிடுச்சு. தும்பிக்கையைத் தண்ணிக்கு மேல தூக்கி மூச்சு விட்டு யானைகள் கரையேறிடுச்சு. அதுங்களோட பாகன்கள் எல்லாரும் மூழ்கிப்போனாங்க. அந்தப் பாகன்களுக்கு பொலிபியஸ் எழுதின வார்த்தை என்ன தெரியுமா? ‘இந்தியர்கள்!’

நிஜமாவே இங்கேயிருந்து போனவங்களா, இல்ல யானை ஓட்டற தொழிலுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சான்னு ஆய்வாளர்கள் மத்தியில இன்னமும் விவாதம் நடக்குது. அதுக்கு எண்பது, தொண்ணூறு வருஷம் முன்னாடியே சந்திரகுப்த மௌரியர் 500 யானைகளை செலூக்கஸுக்குக் கொடுத்திருக்கார். யானை போனா கூடவே பாகனும் போயிருப்பான்ல? ஹன்னிபால் காலத்துக்குள்ள அந்தப் பேர் மேற்கே பரவியிருக்கலாம்.

தங்கச்சிக்கு அந்த விவாதமெல்லாம் தேவைப்படல. ‘‘கார்த்தேஜ் படையிலேயே வீரமான யானை பேர் ‘சூருஸ்’னு ரோம்காரங்க எழுதி வெச்சிருக்காங்கக்கா. ஒரு தந்தம் உடைஞ்சதுன்னுகூட எழுதியிருக்காங்க. மூழ்கிப்போன பாகன்ல ஒருத்தன் பேர்கூட இல்ல’’ன்னு சொன்னா.

கடலுக்குப் போன அப்பாவுக்காக ராத்திரி கண் முழிச்சு உட்கார்ற வீட்டுப் பொண்ணு அவ. அதுக்கு மேல நான் எதுவும் கேட்கல.

கையில அஞ்சு கலர்

மொத்தப் படையையும் திருப்பி அடிக்கணும்னு முடிவாச்சு. கலர் கலக்கற டிபார்ட்மென்ட் தங்கச்சி கையில. பிரவுன்ல மஞ்சள் காவி கொஞ்சம், சிவப்பு ஒரு சொட்டு. இன்னும் கறுக்கணும்னா கறுப்பு கலக்கக் கூடாதாம், செத்த நிறமாயிடுமாம். ஒரு துளி நீலம் விட்டா உயிர் வருதாம். சரியா வந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? பிரஷ்ஷை அவளோட கை மேலேயே இழுத்துப் பார்க்கிறா!

‘‘என் கை ஒரே கலர்னுதான்க்கா நினைச்சிருந்தேன். பெயின்ட்டை வெச்சுப் பார்த்தா அஞ்சு கலர் இருக்கு. முட்டி ஒண்ணு, மணிக்கட்டு ஒண்ணு, உள்ளங்கை ஓரம் ஒண்ணு...’’

போன வருஷம் ஸ்கூல் நாடகத்துல ராணி வேஷம் கேட்டிருக்கா. வசனம் முழுக்க மனப்பாடம். ‘‘உனக்கு மேக்கப் நிறைய ஆகும்’’னு சொல்லித் தோழி வேஷம் கொடுத்திருக்காங்க. அன்னியிலேர்ந்து க்ரீமும் கடலை மாவுமா தேய்ச்சுத் தேய்ச்சு முகமே எரிஞ்சுபோச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. ‘‘படிப்பு இருக்கு, கலர்தான் கொஞ்சம்...’’னு இழுக்கிற அத்தை எனக்கும் ஒருத்தங்க இருக்காங்க.

‘‘இப்பவும் க்ரீம் போடறியா?’’

‘‘நேரம் இல்லக்கா. நுமிடியா குதிரைப்படை பாக்கி இருக்கு!’’

எனக்கும் ஒரு பிரஷ் கொடுத்தா. பாகனோட கை மட்டும் நான் அடிச்சேன். என் கையைப் பக்கத்துல வெச்சுத்தான் கலர் பார்த்தேன். இருபது வருஷமா கூடவே இருக்கிற கை. அப்போதான் முதல் தடவையா, குறை கண்டுபிடிக்கிறதுக்காக இல்லாம சும்மா பார்த்தேன். என் கையிலும் அஞ்சு கலர். நல்லாத்தான் இருந்துச்சு!

சாயங்காலம் போர் ஆரம்பிக்கிற நேரம் அப்பா மாடிக்கு வந்தார். ‘‘இன்னும் பொம்மைதானா?’’ன்னு முறைப்பார்னு தளபதி பம்மினான். அவர் குனிஞ்சு யானையைக் கையில எடுத்தார். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கச்சி நகத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

‘‘யாரு அடிச்சது?’’

‘‘நாங்கதான்ப்பா...’’

‘‘நல்லாருக்கு. ஆனா, தப்பு. இவன் நாள் பூரா வெயில்ல முன்னாடி பார்த்து உட்கார்ந்திருக்கிறவன். பிடரி இன்னும் கறுப்பா இருக்கணும். இங்க பாரு...’’

சட்டைக் காலரை இறக்கித் தன் கழுத்தைக் காட்டினார். முப்பது வருஷக் கடல் வெயில். முகத்தைவிட ரெண்டு ஷேடு டார்க். தங்கச்சி ஓடிப்போய் பிரவுனையும் நீலத்தையும் எடுத்துட்டு வந்து, அப்பா கழுத்துக்குப் பக்கத்துல பிரஷ்ஷைப் பிடிச்சுக் கலக்க ஆரம்பிச்சா. அவர் ஆடாம அசையாம குனிஞ்சு உட்கார்ந்திருந்தார்.

தளபதிக்குப் பொறுக்கல. டைஸைக் கையில குலுக்கிக்கிட்டே, ‘‘சீக்கிரம்! ரோம் படை வெயிட்டிங்’’னு கத்தினான்.

‘‘இருண்ணே, உருட்டாத... பாகனுக்குப் பிடரி இன்னும் காயல!’’