கணினி திறக்கும்போது எந்த விசைப்பலகை?



போன தவணையில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கணினிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். “டீச்சர், பாஸ்வர்ட் சரியாத்தான் போடுறேன், தப்புன்னே சொல்லுது!” பீடோங் பக்கத்துத் தோட்டப் பிள்ளை; வீட்டில் கணினி இல்லை. பஸ் வரும்வரை உள்ள முக்கால் மணி நேரத்தில்தான் அவள் தமிழ்க் கட்டுரையைத் தட்டச்சு செய்ய முடியும். அதில் பாதி நேரம் வாசலிலேயே போச்சு. மறுநாள் பார்த்தால், “தமிழ் போட்டா லாக் ஆகுது” என்று யாரோ தமிழ் விசைப்பலகையையே நீக்கியிருந்தார்கள்.

தப்பு தமிழ் மேல் இல்லை. கணினி எந்த விசைப்பலகையோடு திறக்கிறது என்பதில்தான் சிக்கல்.

தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ் 99 அமைப்பில், ஆங்கில ‘ஏ’ விசை அ தரும். ‘எச்’ விசை க தரும். நுழைவுத் திரையில் இந்த அமைப்பு இருந்தால், நீங்கள் ஆங்கிலம் என நினைத்துத் தட்டுவது தமிழாக விழும். பெட்டியில் வெறும் புள்ளிகள்தானே தெரியும்? அதனால் தவறு கண்ணில் படாது.

உடனே செய்ய வேண்டியது

பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்துங்கள் (பக்கத்தில் யாரும் இல்லாதபோது). தமிழ் எழுத்து தெரிந்தால், விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். திரையின் வலது கீழ் மூலையிலும் மொழியை மாற்றலாம். எழுத்து சரியாக இருந்து எண் மட்டும் விழவில்லையென்றால், ‘நம் லாக்’ விசையைப் பாருங்கள்.

நிரந்தரமாகச் சரிசெய்ய (விண்டோஸ் 11)

1. ‘செட்டிங்ஸ்’, ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜியன்’ என்ற வரிசையில் போங்கள். மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தை மேலே, தமிழை அடுத்து வையுங்கள். தமிழை நீக்க வேண்டாம்.

2. ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குத் திரும்பி, ‘டைப்பிங்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ்’ திறங்கள். முதன்மை உள்ளீட்டு முறையாக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. மொழிப் பக்கத்தின் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ்’ இருக்கும். அதில் ‘காப்பி செட்டிங்ஸ்’ அழுத்தி, நுழைவுத் திரை, புதிய பயனர் கணக்கு என்ற இரண்டு கட்டங்களிலும் குறியிடுங்கள். உங்கள் அமைப்பைத்தான் அது நகலெடுக்கும். ஆகவே முதல் இரண்டு படிகளை முடித்த பிறகே இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் படிக்கு நிர்வாகி உரிமை வேண்டும். மாணவர்கள் கணினிக்கூடப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, நுழைவுத் திரையில் ஆங்கிலம் வருகிறதா என்று சோதியுங்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு வார்த்தை. புதிய விண்டோஸ் 11இல் தமிழ் 99ம் உண்டு, தமிழ் அஞ்சலும் உண்டு. கூடத்திலுள்ள எல்லாக் கணினிகளிலும் ஒரே அமைப்பை வைத்தால், இன்று ஒன்று நாளை ஒன்று என்று பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

வாசலில் ஆங்கிலம், உள்ளே தமிழ். இந்த ஏற்பாட்டுக்குப் பத்து நிமிடம் போதும். தமிழ் விசைப்பலகையை நீக்கிவிட்டால், பள்ளிக் கணினியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளை தமிழில் தட்டச்சு செய்ய வேறு எங்கே போகும்?