ஆபத்துக்கு உதவும் வானொலிப் பழக்கம்

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் புறப்பட்டபோதும், 1996 இல் கிளிநொச்சி மக்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கமாக மூட்டை முடிச்சுகளோடு வந்தபோதும், உணவுக்கு அடுத்தபடியாக எல்லோரும் தேடி அலைந்தது ஒரு கேள்விக்கான விடையையே: "எங்கட ஆக்கள் எங்க?" பற்றரிக்குத் தடையிருந்த அந்நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வேரித்தாஸ் தமிழ்ப்பணியையும் பி.பி.சி. தமிழோசையையும் கேட்டோம். உலகம் எம்மோடு பேசியது. எமக்கோ பக்கத்து ஊரோடு பேசவும் வழியிருக்கவில்லை.

இருவழியாகப் பேசும் வானொலியை அரச அனுமதியோடு, ஊதியமின்றி, விருப்பத்தினால் இயக்குவோர் உலகெங்கும் உள்ளனர். இதுவே அமெச்சூர் வானொலி. இவர்கள் வார இறுதிகளில் போட்டியும் நடத்துகின்றனர். ஒக்டோபர் கடைசி வார இறுதியில் நடக்கும் உலகளாவிய குரல்வழிப் போட்டி 48 மணி நேரம் நீடிக்கும். எமது நேரப்படி சனிக்கிழமை காலை 5.30 க்குத் தொடங்கித் திங்கள் காலை 5.30 க்கு முடியும். ஒவ்வொரு தொடர்பிலும் இருவரும் தத்தம் அழைப்புக் குறியையும், ஒலி எவ்வளவு தெளிவு என்பதையும், தம் வலய எண்ணையும் பரிமாற வேண்டும். இலங்கை 22 ஆம் வலயம். தொட்ட நாடுகளும் வலயங்களும் கூடக்கூடப் புள்ளிகள் பெருகும்.

சில போட்டிகளில் வாகனத்திலேயே நிலையத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோரும் உண்டு. இதில் படிப்பதற்கு நிறைய உண்டு. 100 வாற் சக்தியுள்ள கருவி, பேசும் வேளையில் 12 வோல்ற் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 20 அம்பியர் மின்னை இழுக்கும். எனவே பற்றரியைக் கணக்காகச் செலவழிக்க வேண்டும். வாகனத்தில் பூட்டிய குட்டைக் கம்பியின் வீச்சு குறைவு. தரித்து நிற்குமிடத்தில் மரத்தில் கம்பி கட்டினால் குரல் தூரம் போகும். 14 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறக்குறைய 10 மீற்றர் கம்பியும், 7 மெகாஹேர்ட்ஸுக்கு 20 மீற்றரும் போதும். முன்னது பகலில் தூர தேசம் எட்டும். பின்னது இரவில் நன்கு எட்டும். காலபோகத்துக்கு ஏற்ற நெல்லையும் சிறுபோகத்துக்கு ஏற்ற நெல்லையும் அறிந்த கமக்காரனுக்கு இது புதிய பாடமல்ல. குறிப்பேட்டில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் புள்ளி போய்விடும். காணாமற்போனவரின் பெயரை எழுதும்போது ஓரெழுத்துப் பிழைத்தால் என்னவாகும் என்பது எம்மக்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் உயிர்காத்த வரலாறும் உண்டு. 2004 டிசம்பரில், டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அந்தமானின் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தார். 1987 க்குப் பின் அங்கே இப்படியொரு நிலையம் இயங்கியது அதுவே முதற்தடவை. உலகெங்குமுள்ள ஆர்வலர்களோடு தொடர்பு கொள்வதே அப்பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26 இல் கடல் பொங்கியது, தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்கு நிலையம் அன்றே அவசர நிலையமாயிற்று. கார் நிகோபாருக்கும் ஒரு குழு சென்றது. தீவுகளிலிருந்தோரின் நலச்செய்தி பெருநிலத்து உறவினருக்கு எட்டியது. அதே நாட்களில் இலங்கையில் விக்டர் குணதிலக்க உள்ளிட்ட வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர். நேபாளத்தில் நீண்ட காலம் ஒரேயொரு அமெச்சூர் நிலையத்தை இயக்கியவர் ஓர் இயேசு சபைக் குரு, அருட்தந்தை மார்ஷல் மோரன். 1992 இல் இறைவனடி சேர்ந்த அவர், பாடசாலைப் பணியோடு இதையும் ஒரு பணியாகவே செய்தார்.

இவர்கள் எவரும் ஆபத்து வந்தபின் கருவியைக் கையில் எடுத்தவர்களல்லர். போட்டியிலும் பயணத்திலும் பழகிய கை, ஆபத்தில் நடுங்காமல் வேலை செய்தது.

எமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மின்சாரம் நின்றால் கைத்தொலைபேசிக் கோபுரம் எத்தனை மணி நேரம் தாங்கும்? மீளக்குடியமர்ந்தவர்களும், இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்களும் மறுபடி ஒருவரையொருவர் தேடி அலையக் கூடாது.

அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். வானொலிக் கருவி என்றாலே சந்தேகம் எழுந்த மண் இது. ஆகவே எதையும் வெளிப்படையாகச் செய்வோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியெய்தி அனுமதி பெற்றால், 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். கணிதமும் பௌதிகமும் படிக்கும் எம் பிள்ளைகளுக்கு இது எட்டாத உயரமல்ல. முதலில் ஒரு சிற்றலை வானொலியை வைத்துக் கேட்டுப் பழகட்டும். பங்கு இளைஞர் மன்றங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஊருக்கு இருவரைத் தெரிந்தெடுக்கட்டும். மாரி தொடங்குமுன் கேணியைத் தூர்வாருவது போல, இதையும் நல்ல காலத்திலேயே செய்து வைப்போம்.